காற்று நுழைந்த வழி

அப்பா பணி ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வாங்கியது அந்த எஸ்டீம் கார். 2001 மாடல், வெள்ளை நிறம், 1298 சிசி, பதினாறு வால்வு இன்ஜின். எங்களுக்கு முன் ஒருவர் ஓட்டிய வண்டி. கோவையில் அரசுப் பள்ளிகளில் காலமெல்லாம் இயற்பியல் நடத்தியவர் அப்பா. ஆய்வுக்கூடத்துப் பதிவேடு எழுதுகிற கையால் வண்டிக்கும் ஒரு நீள நோட்டுப் போட்டிருந்தார். பெட்ரோல் போட்ட தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயில் மாற்றியது, டயருக்குக் காற்றுப் பிடித்தது எல்லாம் அதில் இருக்கும். வண்டியின் வியாதி எங்கள் காதுக்கு வரும் முன்பே அந்த நோட்டில் வந்துவிட்டது. 'மைலேஜ் குறைவு. ஐட்லிங் 1,100. கவனிக்க' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

ஐட்லிங் என்பது ஆக்சிலரேட்டரில் கால் படாமல், கியர் விழாமல் இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடும் வேகம். அந்த வண்டிக்கு அது நிமிடத்துக்கு 800 சுற்றுக்கும் 900 சுற்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் கூடுதலாக ஓடுவது இயல்புதான். இன்ஜின் சூடாகும்வரை அப்படி ஓடும்படிதான் செய்திருக்கிறார்கள். இந்த வியாதி நெடுநாள் பிடிபடாமல் போவதற்கு அதுவே காரணம். வீட்டு வாசலில் வண்டியை எடுக்கும்போது வரும் அதிக வேகத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. சூடான பிறகு இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் கீழே இறங்குகிறதா என்று பார்க்கிறவர்கள் குறைவு. அப்பா பார்த்தார். சில வாரங்களில் 1,100 என்பது 1,400 ஆனது. பிறகு சிக்னலில் நிற்கும்போது 1,700-இல் நின்றது. சில நேரம் அங்கேயும் நிற்காமல் 1,200-க்கு விழுவதும் திரும்ப ஏறுவதுமாக முள் ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இவர் எதற்கு நின்ற இடத்தில் ரேஸ் கொடுக்கிறார் என்று.

இதில் பயம் என்னவென்று எனக்குப் புரிந்தது குன்னூரிலிருந்து இறங்கியபோதுதான். உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு மாலையில் மேட்டுப்பாளையம் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் விட்டுக் காலை எடுத்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்க வேண்டும். மலைப்பாதையில் பழகியவர்கள் எல்லாருக்கும் அது கால் அறிந்த விஷயம். அன்று வளைவுக்குள் வேகம் குறையும் இடத்தில், காலை முழுக்க எடுத்த பிறகும், யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல வண்டி முன்னால் போனது. பிரேக்கை வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. பர்லியாறு வரும்போது பிரேக் சூடேறிய வாடை உள்ளே வந்துவிட்டது. அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், இது சரியாகும் வரை நான் இந்த வண்டியில் மலைக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார். அது நியாயமான பேச்சு.

நகரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். சுத்தமான இடம், சீருடை போட்ட பையன்கள், கணினியில் அச்சடித்த பில். முதலில் இன்ஜினுக்குக் காற்று போகும் வாயான த்ராட்டில் பாடியைக் கழட்டிக் கழுவினார்கள். கொஞ்சம் குறைந்தது போலிருந்தது, இரண்டொரு நாளில் பழையபடி ஆனது. அடுத்து ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தும் வால்வை மாற்றினார்கள். மாற்றமில்லை. பிறகு ஏதோ ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை இறக்கித் தந்தார்கள். ஏசி போட்டால் வண்டி உதறியது, ஏசி இல்லாவிட்டால் மறுபடி ஏறியது. கடைசியில், கம்ப்யூட்டர் போய்விட்டது சார், புதுசு போட வேண்டும் என்றார்கள். விலை கேட்டபோது, வண்டியின் அன்றைய மதிப்பில் நல்ல பங்கு அதற்கே போய்விடும் என்று தெரிந்தது.

அப்பா கேட்டது ஒரே கேள்வி. "கம்ப்யூட்டர் போயிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" மற்றதெல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று, மிச்சம் அதுதான் என்றார்கள். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மிச்சம் இருப்பதெல்லாம் காரணம் ஆகிவிடாது என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி வரை நம் ஊர்ப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரில்தான் ஓடின. 1999-இல் டெல்லியின் காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. டெல்லி வட்டாரத்தில் அந்த ஜூன் முதல் யூரோ 1, அடுத்த ஏப்ரல் முதல் யூரோ 2 தரத்துக்கு உட்பட்ட கார்களை மட்டுமே பதிவு செய்யலாம் என்று உத்தரவிட்டது. அதோடு கார் கம்பெனிகள் எல்லாம் அவசரமாக எம்பிஎஃப்ஐ-க்கு மாறின. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கணினி. ஸ்க்ரூ டிரைவரும் காதும் வைத்து கார்புரேட்டர் ட்யூன் செய்த மெக்கானிக்குகள் பலர், இந்த வண்டியில் கை வைக்கமாட்டோம் என்று ஒதுங்கினார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் ஸ்கேனர் சொல்வதைக் கேட்கப் பழகினார்கள், இன்ஜின் சொல்வதைக் கேட்கப் பழகவில்லை. எங்கள் வண்டி அந்த இரண்டு தலைமுறைக்கும் நடுவில் பிறந்தது. எந்த ஸ்கேனராலும் படிக்கும்படியான பொது முறை நம் நாட்டுக் கார்களில் கட்டாயமானது 2010-க்குப் பிறகுதான். 2001 எஸ்டீமில் ஒரு எச்சரிக்கை விளக்கு உண்டு. அது கடைசி வரை எரியவே இல்லை.

அந்த வண்டியை அடுத்துக் கொண்டுபோனது, உக்கடத்தைத் தாண்டிப் போத்தனூர் போகும் வழியில் வேப்ப மரத்தடியில் இருந்த ஒரு ஷெட்டுக்கு. நாங்கள் பாய் என்று கூப்பிடும் மெக்கானிக் அங்கே வேலை பார்த்தார், உதவிக்கு ஒரு பையன் மட்டும். ஃபியட், அம்பாசிடர் காலத்திலிருந்து கை கறுத்தவர். அப்பாவுக்கு அவரை ஸ்கூட்டர் நாள்களிலிருந்தே தெரியும். கம்ப்யூட்டர் வண்டி என்று தயங்குவாரோ என நினைத்துக்கொண்டே போனேன். பானெட்டைத் திறந்தார். இன்ஜினை ஓடவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் நெடுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, எங்கியோ ஏர் இழுக்குதுங்க" என்றார்.

"விளக்கு எரியலியே பாய்?" என்றேன்.

"எரியாதுங்க. அதுக்கு இது தப்புன்னே தெரியாது."

அந்த வாக்கியத்தை நான் பல வருஷமாக யோசித்திருக்கிறேன். அன்று அதை விளக்கியவர் அப்பா. மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் நடத்துவது போலவே நடத்தினார்.

ஊசி போடும் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்தண்டை இழுத்தால் உள்ளே வெற்றிடம் பிறக்கிறதல்லவா, இன்ஜினுக்குள் நடப்பதும் அதுதான். பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை இழுக்கிறது. காலை எடுத்திருக்கும்போது த்ராட்டில் தட்டு வழியை அடைத்திருக்கிறது. அதனால் தட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள மேனிஃபோல்டில் காற்று மெலிந்து கிடக்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் வேக்கம் என்கிறார்கள். ஐட்லிங்கில் இன்ஜினுக்குத் தேவை கொஞ்சம் காற்றுதான். கணினி ஒரு சிறு வால்வைத் திறந்தும் மூடியும் அந்தக் கொஞ்சத்தை அளந்து விடுகிறது. இந்த மேனிஃபோல்டிலிருந்து பல ரப்பர் குழாய்கள் கிளம்புகின்றன. பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு ஒன்று, பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் உறுப்புக்கு ஒன்று, இன்ஜினுக்குள் சேரும் புகையைத் திரும்ப உறிஞ்சும் பிசிவி வால்வுக்கு ஒன்று. இவற்றில் எது வெடித்தாலும், எந்த கேஸ்கெட் இற்றாலும், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்துவிடும்.

கார்புரேட்டர் வண்டியில் இப்படிப் புகும் காற்றுக்குப் பெட்ரோல் துணை வராது. கலவை வறண்டு போகும், வண்டி உதறும், சிலது நின்றே போகும். ஓட்டை இருக்கிறதென்று இன்ஜினே அழுது காட்டிவிடும். எஸ்டீமில் அப்படியில்லை. அதன் கணினி, காற்று எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்ப்பதில்லை. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை ஒரு சென்சார் மூலம் அறிந்து, இன்ஜின் வேகத்தோடும் காற்றின் வெப்பத்தோடும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை ஊற்றுகிறது. ஓட்டை வழியாக வந்த காற்றும் அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் அதற்கும் சரியான அளவு பெட்ரோல் கிடைத்துவிடுகிறது. கலவை கெடவில்லை, உதறல் இல்லை, எரிப்பு சுத்தம். ஆனால் வேகம் ஏறுகிறது. ஏறுவதைப் பார்த்துக் கணினி தன் சிறு வால்வை மூடிக்கொண்டே போகும். முழுக்க மூடிய பிறகும் ஓட்டை வழியாக வருவது மிச்சமிருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நிலையில்தான் முள் 1,700-இல் நிற்கிறது.

மேலும் கீழும் ஆடுவதற்கும் இதுவே காரணம். காலை எடுத்த பிறகு இன்ஜின் வேகம் ஒரு வரம்புக்கு மேல் இருந்தால், வண்டி சரிவில் இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். வேகம் விழும். விழுந்ததும் மறுபடி ஊற்றும். ஓட்டைக் காற்று காத்திருக்கிறது, வேகம் திரும்ப ஏறும். தன் கடமையைச் சரியாகச் செய்கிற ஒரு கணினியைத்தான் போய்விட்டது என்று சொல்லி மாற்றச் சொன்னார்கள். எனக்கு அதில்தான் கோபம் வந்தது, இன்றும் வருகிறது.

பாய் உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். பஞ்சு மெத்தையில் ஒரு வேக்கம் கேஜ். கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது, எண்கள் மங்கியிருந்தன. அம்பாசிடர் காலத்தில் வாங்கியதாம். மேனிஃபோல்டில் ஒரு குழாயில் அதைச் சேர்த்தார். முள் பதினெட்டு அங்குலப் பாதரசத்தில் நின்றது. நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் பதினேழிலிருந்து இருபத்தொன்று வரை காட்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. நான் ஏமாந்து போனேன். ஏர் இழுத்தால் முள் கீழே இருக்க வேண்டாமா?

அப்பாவும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த இடத்தை நான் மறக்கமாட்டேன். ஒருவர் புத்தகத்திலிருந்தும் ஒருவர் கை அனுபவத்திலிருந்தும் வந்து ஒரே விடையில் நின்றார்கள். பாய் சொன்னார்: "கார்புரேட்டர் வண்டின்னா முள்ளு தொங்கிருக்கும் சார். இது பாருங்க, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதிச்சு வெச்சா எப்படிக் காட்டுமோ அப்படியே காட்டுது." அப்பா தலையாட்டினார். சுமை இல்லாமல் ஓடும் இன்ஜினுக்கு 900-இல் தேவைப்படும் இழுவிசைக்கும் 1,700-இல் தேவைப்படுவதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே மேனிஃபோல்டு அழுத்தமும் ஏறக்குறைய அதேதான் இருக்கும். முள் நேராக, ஆடாமல் நிற்பதால் வால்வும் பிஸ்டன் ரிங்கும் நல்ல நிலையில் உள்ளன. அப்படியானால் இன்ஜினில் நோயில்லை. யாரோ ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள், அது நம் கால் இல்லை, அவ்வளவுதான்.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் இங்கே காற்றின் அழுத்தம் சுமார் இருபத்தெட்டரை அங்குலப் பாதரசம். அதில் பதினெட்டைக் கழித்தால் மேனிஃபோல்டுக்குள் மிச்சம் பத்தரை. உள்ளே இருப்பது வெளியே இருப்பதில் பாதிக்கும் குறைவு. இந்த அளவு வித்தியாசம் இருந்தால் ஓட்டை வழியாகப் புகும் காற்று, அதன் மிகக் குறுகலான இடத்தில் ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் அதிகமாக வராது. "அதனாலதான் பாய், சீறுற சத்தம் கேக்கணும்" என்றார் அப்பா. டோரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாயைத் தலைகீழாக நிறுத்தியதைப் பல வகுப்புகளுக்கு நடத்தியவர், பாதரச அங்குலத்தை ஒரு கார் ஷெட்டில் வேலைக்கு உதவும் எண்ணாகப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. இதே கேஜைக் குன்னூரில் வைத்தால் நாலரை அங்குலம் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்து இன்ஜின் கெட்டுவிட்டது என்று பயப்படக் கூடாது என்று பையனுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

சீறல் கேட்கத்தான் இல்லை. ஃபேன் சத்தத்தில் எல்லாம் அமுங்கிப் போனது. பாய் அடுத்த சோதனைக்குப் போனார். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய குழாயைக் கழட்டினார். அதிலிருந்து வால்வு கவருக்குப் போகும் சின்னக் குழாயின் வாயைத் துணியால் இறுக்கி அடைத்தார். பழைய லாரி ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினின் த்ராட்டில் வாயில் வைத்துப் பொத்தினார். ரப்பர் ஒட்டிக்கொண்டது. நல்ல வண்டியாக இருந்தால் அந்த நொடியே மூச்சடைத்து அணைந்திருக்கும். எஸ்டீம் அணையவில்லை. சுருதி கொஞ்சம் இறங்கியது, அவ்வளவே. வாயை முழுக்க மூடிய பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஷெட்டில் யாரும் பேசவில்லை. அதற்குமேல் எந்த நிரூபணமும் வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ ஆயிரம் ரூபாய்க்குப் பொருள் மாற்றியவர்கள் இந்த ரப்பர் துண்டை வைத்துப் பார்த்திருந்தால், கணினியின் பெயரையே எடுத்திருக்கமாட்டார்கள்.

பிறகு தேடல். மூக்குக் குறடின் வாயில் துணி சுற்றிக்கொண்டு ஒவ்வொரு குழாயாக அழுத்திப் பிடித்தார். பிரேக் பூஸ்டர் குழாயை முதலில் பிடித்தார். சத்தம் மாறவில்லை. முதலில் அதை ஏன் என்று கேட்டேன். "ஐட்லிங் ஏறுனா பெட்ரோல்தான் போகும் தம்பி. இது ஓட்டைன்னா உயிர் போகும்" என்றார். இன்ஜினை நிறுத்திப் பிரேக்கைப் பலமுறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெடல் என் காலுக்குக் கீழே மெல்ல இறங்கியது. பூஸ்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். குன்னூர் இறக்கத்தில் பிரேக் கைவிடாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

மேனிஃபோல்டின் பின்பக்கத்தில், பயன்படாத ஒரு நிப்பிளுக்குப் போட்டிருந்த ரப்பர் மூடி வெயில் பட்ட டயர் மாதிரி வெடித்திருந்தது. அதை விரலால் மூடியதும் வேகம் குறைந்தது. புது மூடி போட்டார். முள் 1,700-லிருந்து 1,400-க்கு வந்தது. நான் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பாய் நினைக்கவில்லை. "ஒண்ணு கெடைச்சா இன்னொண்ணு இருக்கும். எல்லா ரப்பருக்கும் ஒரே வயசுதானே" என்றபடி தண்ணீர் ஸ்பிரே பாட்டிலை எடுத்தார். கேஸ்கெட் ஓரங்களிலும் இன்ஜெக்டர் அடிகளிலும் மெல்லிய தூறலாக அடித்துக்கொண்டே வந்தார். ஓட்டை மேல் தண்ணீர் பட்டால் ஒரு கணம் அடைபட்டு இன்ஜின் சத்தம் மாறும். சில மெக்கானிக்குகள் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். அது நெருப்புப் பிடிக்கும் திரவம், பக்கத்திலேயே கொதிக்கும் சைலன்சர் பைப். பாய் அதைச் செய்யவில்லை. ஊதுபத்திப் புகை பிடித்துப் பார்க்கலாமா என்று பையன் கேட்டதற்கும் முறைத்தார்.

தண்ணீருக்கு எதுவும் அகப்படவில்லை. கேஸ்கெட் நன்றாக இருந்தது. கடைசியில் வலது கையை மேனிஃபோல்டுக்கு அடியில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பிசிவி குழாயின் வளைவைத் தடவிக்கொண்டே போனார். இன்ஜின் சத்தம் சட்டென்று விழுந்தது. அணையப் போவது போலத் தள்ளாடியது. கையை எடுத்தார், ஏறியது. மறுபடி வைத்தார், விழுந்தது. வெளியே எடுத்த விரல் நுனியில் கறுப்பு ஆயில் பிசுக்கு.

குழாயைக் கழட்டிக் கையில் தந்தபோதுதான் அது ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று புரிந்தது. மேல்பக்கம் முழுசாக இருந்தது. வளைவின் அடிப்பக்கத்தில், கீழே பார்த்தபடி, ஒரு விரற்கடை நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. மற்ற வேக்கம் குழாய்கள் சூட்டில் காய்ந்து கெட்டியாகி உடையும். இது அப்படியல்ல. ஆயில் ஆவி உள்ளே போய்ப் போய் ஊறி, உப்பி, கொழகொழவென்று இளகியிருந்தது. குளிர்ந்திருக்கும்போது உதடுகள் ஒட்டிக்கொள்ளும். சூடானதும் இளகித் திறந்துகொள்ளும். பெரிய ஒர்க்‌ஷாப்பில் இரவு நிறுத்தி, காலையில் குளிர்ந்த இன்ஜினில் சோதித்திருக்கிறார்கள். அப்போது அது மூடிக்கொண்டிருந்திருக்கும்.

அப்பா அந்தத் துண்டை வாங்கி இரண்டு கையாலும் வளைத்து வளைத்துப் பார்த்தார். கவரின் பின்பக்கத்தில் அதைப் படமாகவே வரைந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்டார். நோட்டில் அந்தப் படம் இன்னும் ஒட்டியிருக்கிறது.

கடையில் கம்பெனிக் குழாய் கேட்டோம், கிடைக்கவில்லை. அதே உள்வட்டத்தில் ஆயில் தாங்கும் குழாயை வெட்டித் தரும்படி பாய் பையனை அனுப்பினார். தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்துவிடாதே என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். சாதாரண ரப்பர் ஆயில் ஆவிக்கு நிற்காது, வேக்கம் இழுக்கும்போது உள்வாங்கிச் சப்பையாகியும் போகும். வளைவில் மடியாமல் இருக்கக் கொஞ்சம் நீளம் கூட்டி வெட்டினார். பிசிவி வால்வைக் கழட்டிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே டக்டக்கென்று ஆடியது. அது நல்லது, அப்படியே மாட்டினார்.

ஸ்டார்ட் செய்தோம். இன்ஜின் 600-க்கு விழுந்து உதறி அணைந்தது. பாய் இதை எதிர்பார்த்திருந்தார். ஓட்டை இருந்தபோது வேகத்தை இறக்குவதற்காகத் திருகிய ஸ்க்ரூ இப்போது எதிரியாக நின்றது. அதன் தலையில் கம்பெனியில் வைத்த பெயிண்ட் அடையாளம் உடைந்திருந்ததைக் காட்டினார். அதைப் பழைய இடத்துக்குத் திருப்பி, பேட்டரி டெர்மினலைக் கழட்டிவிட்டு, டீ சொன்னார். கணினி ஓட்டையோடு ஓடிய நாள்களில் கற்றுவைத்திருந்த அளவுகளை மறக்க வேண்டுமல்லவா. டீ குடித்து முடித்து டெர்மினலை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் வேகம் 1,500-க்குப் போய், இன்ஜின் சூடாகச் சூடாக மெதுவாக இறங்கி 850-இல் நின்றது. ஏசி போட்டோம். ஒரு கணம் அசைந்து மறுபடி அங்கேயே நின்றது. த்ராட்டில் வாயில் ரப்பர் துண்டை வைத்துப் பார்க்கச் சொன்னார் அப்பா. வைத்தவுடன் அணைந்தது. அதைப் பார்த்த பிறகே அப்பா எழுந்தார்.

பாய் கேட்ட கூலி, ஒர்க்‌ஷாப்பில் த்ராட்டில் பாடி கழுவ வாங்கியதைவிடக் குறைவு. அப்பா கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்து, குழாய்க்கும் மூடிக்கும் ஆன காசைத் தனியாக எண்ணி எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட மெக்கானிக்குகளைப் படிக்காதவர்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். காரணம் தெரிவதற்கு முன் எதையும் மாற்றாமல் இருப்பதும், கிடைத்த விடையை இன்னொரு சோதனையால் சரிபார்ப்பதும்தான் அறிவியல் என்றால், அன்று அந்த வேப்ப மரத்தடியில் நடந்ததைவிட நல்ல ஆய்வுக்கூடப் பாடத்தை நான் எந்தக் கல்லூரியிலும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நண்பர்களின் பழைய வண்டிகள் பலவற்றில் இதே வியாதியைப் பார்த்துவிட்டேன். ஒன்றில் இன்ஜெக்டர் அடியில் உள்ள ரப்பர் வளையம். இன்னொன்றில் த்ராட்டில் பாடியைக் கழுவியபோது அதன் அடியில் மாற்றாமல் விட்ட கேஸ்கெட். ஒரு வண்டியில் ஓட்டையே இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து, இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கணினி நம்பியதால் ஐட்லிங் ஏறியிருந்தது. ஆகவே ஐட்லிங் ஏறினால் எல்லாம் ஏர் என்று முடிவுகட்டவும் கூடாது. ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குக் காசே ஆகாது.

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சூடான பிறகு ஐட்லிங் இறங்குகிறதா என்று மாதம் ஒருமுறையாவது முள்ளைப் பாருங்கள். முள் இல்லாத வண்டியென்றால் காதால் கேளுங்கள். ஏறினால், வண்டி சூடாக இருக்கும்போதே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எந்தப் பொருளை மாற்றச் சொன்னாலும், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். பத்து வருஷம் தாண்டிய வண்டியில் வேக்கம் குழாய்களையும் பிசிவி குழாயையும் வெடிக்கும் வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள். பிரேக் மிதிக்கும்போது ஐட்லிங் மாறினாலோ, காலடியில் சீறும் சத்தம் கேட்டாலோ அது பூஸ்டர். அதைச் சரிசெய்யும் வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.